டான்டனில் மழை பெய்த நான்கு நாள்கள்

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி காலை, இங்கிலாந்தின் டான்டன் ஊரில், கவுண்டி கிரிக்கெட் மைதானத்தின் வாசலில் ஸ்கோர் அட்டை வாங்கியபோது, அதை நான்கு நாளும் நனையாமல் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் என் முதல் கவலையாக இருந்தது. வானிலை அறிவிப்பு நான்கு நாளுக்கும் மழை என்றே சொல்லியிருந்தது. மைதானத்தின் ஒரு பக்கம் டோன் ஆறு ஓடுகிறது, மறுபக்கம் புனித ஜேம்ஸ் தேவாலயத்தின் கோபுரம் நிற்கிறது, வானம் தெளிந்திருக்கும் நாள்களில் தொலைவில் குவான்டாக் குன்றுகள் தெரியும். அன்று காலை குன்றுகள் இருந்த திசையே தெரியவில்லை.

அந்தப் போட்டிக்கு நான் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் இருந்தது. சாமர்செட் அணி 1875இல் தொடங்கப்பட்டது. கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் அணிகள் மோதும் தொடரான கவுண்டி சாம்பியன்ஷிப்பில் 1891 முதல் ஆடிவருகிறது. ஒருமுறைகூட அந்தப் பட்டத்தை வென்றதில்லை. பதினெட்டு கவுண்டிகளில் இப்படி வெல்லாதவை மூன்றுதான். மற்ற இரண்டு குளோஸ்டர்ஷயரும் நார்தாம்ப்டன்ஷயரும். 2019இல் பருவத்தின் கடைசிப் போட்டி சாமர்செட்டுக்கும் எசெக்ஸுக்கும் இடையே, எங்கள் ஊரிலேயே நடப்பதாக அமைந்தது. எசெக்ஸ் பன்னிரண்டு புள்ளிகள் முன்னால் இருந்தது. வெற்றிக்குப் பதினாறு புள்ளி, டிராவுக்கு ஐந்து. ஆகவே எசெக்ஸுக்குத் தோற்காமல் இருந்தால் போதும். சாமர்செட் வென்றே ஆகவேண்டும். நான்கு நாள் மழை யாருக்குச் சாதகம் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முந்தைய வாரமே நிலைமை கைநழுவத் தொடங்கியிருந்தது. சௌதாம்ப்டனில் ஹாம்ப்ஷயரின் கைல் அபட் எங்களுக்கு எதிராக ஒரே போட்டியில் 86 ரன்கள் கொடுத்துப் பதினேழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். 1956இல் ஜிம் லேக்கர் பத்தொன்பது விக்கெட் எடுத்ததற்குப் பிறகு முதல்தரப் போட்டிகளில் அதுதான் சிறந்த பந்துவீச்சு. அதோடு முன்னிலையும் போயிற்று. எசெக்ஸ் அணியோ டான்டனுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் எட்ஜ்பாஸ்டனில் டி20 கோப்பையை வென்றிருந்தது. கடைசிப் பந்தில் பவுண்டரி அடித்து அதை வென்று கொடுத்த சைமன் ஹார்மர்தான் எங்களுக்கு எதிராகப் பந்து சுழற்றப் போகிறவர். அந்தப் பருவத்தின் சாம்பியன்ஷிப்பில் 83 விக்கெட்டுகள் எடுத்தவர் அவர்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதுகளிலிருந்து சாமர்செட் உறுப்பினர். விவியன் ரிச்சர்ட்ஸையும் ஜோயல் கார்னரையும் இளம் இயன் போத்தமையும் ஒரே அணியில் பார்த்தவர். 1979இல் லார்ட்ஸில் கில்லெட் கோப்பையையும் மறுநாளே நாட்டிங்ஹாமில் ஞாயிறு லீக் பட்டத்தையும் வென்ற அந்த இரண்டு நாள்களை அவர் சொல்லும்போது, திருமண நாளைச் சொல்வதுபோல் குரல் தணியும். நான் திருநெல்வேலிக்காரன், வேலை நிமித்தம் இந்த ஊருக்கு வந்தவன். முதல் கோடையில் அவர்தான் என்னை மைதானத்துக்கு அழைத்துப்போனார். நான்கு நாள் போட்டியைப் பார்க்க வருபவன் சோற்று மூட்டையோடு வரவேண்டும் என்பது அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். அதன்பின் எங்கள் வீட்டு எலுமிச்சைச் சாதம் அவருக்கும் சேர்த்தே கட்டப்படுவது வழக்கமாயிற்று.

2010இல் நடந்ததையும் அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டு சாமர்செட்டும் நாட்டிங்ஹாம்ஷயரும் ஒரே புள்ளிகளில் முடித்தன. வெற்றிகளின் எண்ணிக்கை ஒன்று கூடுதல் என்பதால் பட்டம் நாட்டிங்ஹாம்ஷயருக்குப் போனது. அதுவும் மழையால்தான். மான்செஸ்டரில் பெருமளவு மழையில் போன போட்டியின் கடைசி நாளில், அவர்கள் 400 ரன்களை எட்டி, பின் லங்காஷயரின் மூன்று விக்கெட்டுகளை அவசரமாக வீழ்த்தி, ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் கூடுதலாகத் தரப்படும் ஊக்கப் புள்ளிகளைத் தேவைப்பட்ட அளவு திரட்டிக்கொண்டார்கள். சாமர்செட் ஆட்டக்காரர்கள் நாட்டின் வடக்கு மூலையில் டர்ஹாமில் இருந்துகொண்டு அந்தச் செய்திக்காகக் காத்திருந்தார்கள். 2016இல் இன்னொரு முறை. தங்கள் போட்டியை மூன்றாம் நாளே வென்றுவிட்டு, மறுநாள் லார்ட்ஸில் மிடில்செக்ஸும் யார்க்ஷயரும் ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஹாட்ரிக் விக்கெட்டோடு மிடில்செக்ஸ் வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டது. ஆகவே 2019இல், முடிவு வேறோர் ஊரில் இல்லாமல் எங்கள் கண்முன்னே இருக்கும் என்பதே பெரியவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மழையால் தடைபடும் போட்டியைப் பார்ப்பது என்றால் மழையைப் பார்ப்பது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அப்படியல்ல. மழை பெய்யும்போது பார்க்க ஒன்றுமில்லை; மழை நின்ற பிறகுதான் பார்க்க வேண்டியவை தொடங்குகின்றன. ஆடுகளத்தின் மீது விரித்த உறையை மைதானப் பணியாளர்கள் உடனே எடுப்பதில்லை. முதலில் அதன் மேல் தேங்கிய நீரை ஓரமாக வடியவைக்க வேண்டும். அவசரத்தில் மடித்தால் அந்த நீர் முழுதும் காய்ந்திருக்கும் இடத்திலேயே கொட்டும். பிறகு நீர் உறிஞ்சும் உருளை வண்டி புல்வெளியில் மெதுவாகச் சுற்றிவரும். அதன் பின்னால் புல்லின் நிறம் ஒரு பட்டையாக மாறிக்கொண்டே போகும். நடுவர்கள் இருவரும் பேன்ட்டின் கீழ்ப்பகுதியை மடித்துவிட்டுக்கொண்டு நடந்துவருவார்கள்.

அன்று அவர்களில் ஒருவர், பந்துவீச்சாளர் ஓடிவரும் பாதையில் ஓர் இடத்தில் நின்று காலணியின் குதிகாலை மண்ணில் அழுத்தியதைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். காலை எடுத்ததும் அந்தக் குழியில் நீர் ஊறி, குதிகாலின் வடிவத்திலேயே ஒரு சிறு பளபளப்பு நின்றது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார்; மற்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார்; இருவரும் திரும்பி நடந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து மறுபார்வை என்று ஒலிபெருக்கி சொன்னது. வெயில் லேசாக அடித்துக்கொண்டிருக்கும்போது ஏன் ஆடவில்லை என்று புதிதாக வருபவர்கள் கோபப்படுவார்கள். ஓடிவரும் வேகத்தில் அந்தக் குழியில் ஒரு வேகப்பந்து வீச்சாளரின் கால் வழுக்கினால் அவருடைய முழங்கால் என்னவாகும் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் வராது.

காத்திருக்கும் நேரமெல்லாம் கணக்கு ஓடும். ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு ஓவர், மணிக்குப் பதினாறு, ஆக ஓர் ஓவரின் விலை மூன்றே முக்கால் நிமிடம். ஒருநாள் போட்டி என்றால் மழைக்கேற்ப இலக்கை மாற்றிக்கொடுக்க டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறை இருக்கிறது. நான்கு நாள் போட்டியில் அப்படி எதுவும் கிடையாது. போன நேரம் போனதுதான். இரண்டு அணிகளும் முழுமையாக ஆடி முடிக்காவிட்டால் டிரா. எங்கள் வரிசையில் அமர்ந்திருந்த ஒவ்வொருவரும் மனத்துக்குள் இந்தக் கழித்தல் கணக்கைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது, நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. நான்கு நாள்களின் மொத்த நேரத்தில் பாதிக்கும் மேல் மழை எடுத்துக்கொண்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் மழையைத் திட்டுவது பாவம். தாமிரபரணி வற்றிக் கிடந்த ஆண்டுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒவ்வொரு மாலையும் அப்பா தொலைபேசியில், "என்னப்பா, இன்னைக்காவது ஆட்டம் நடந்துதா?" என்று கேட்பார். சேப்பாக்கம் போட்டிகளை வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையில் கேட்டே கிரிக்கெட்டைக் கற்றவர் அவர். "மழைப்பா" என்பேன். "அங்க பெய்றதுல கொஞ்சம் இங்கிட்டு அனுப்பு" என்பார். அதற்குமேல் மழையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மழை நிற்க வேண்டும் என்று நான் வாழ்வில் முதன்முறையாக மனமார வேண்டிக்கொண்டது அந்த வாரத்தில்தான். அப்படி வேண்டிக்கொண்டதை அப்பாவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

போட்டிக்காகத் தயாரிக்கப்பட்டிருந்த ஆடுகளத்தையும் சொல்லவேண்டும். டான்டனில் ஆடுகளம் வறண்டிருக்கும், பந்து சுழலும். ஆப்பிள் மதுவுக்குப் பெயர்போன ஊர் என்பதால் அந்த மதுவின் பெயரையும் ஹைதராபாத்தையும் சேர்த்து 'சைடராபாத்' என்றே ஆங்கிலேயர்கள் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஜாக் லீச் இருந்தார். டான்டனில் பிறந்தவர், ஒரு மாதம் முன்புதான் ஹெடிங்லியில் பென் ஸ்டோக்ஸுக்குத் துணையாகப் பதினேழு பந்துகளைச் சமாளித்து ஒரே ஒரு ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்று இங்கிலாந்தைக் கரையேற்றியவர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாலே கூட்டம் கைதட்டியது. வறண்ட ஆடுகளத்தில் அவரைக்கொண்டு வெல்வது என்பது திட்டம். அந்த வறண்ட மண்ணின் மேல்தான் நாள்கணக்கில் உறை கிடந்தது. பிற்பாடு அந்த ஆடுகளம் தரக்குறைவு என்று கிரிக்கெட் வாரியத்தின் ஒழுங்குக் குழு தீர்ப்பளித்து சாமர்செட்டின் புள்ளிகளைக் குறைத்தது. அந்தத் தண்டனையில் எனக்கு இன்றும் முழு உடன்பாடு இல்லை. சுழற்பந்து முதல் நாளிலிருந்தே திரும்புவது குற்றமென்றால், செப்டம்பர் காலையில் பச்சைப் புல்லில் வேகப்பந்து எகிறுவதும் குற்றமாகத்தானே இருக்கவேண்டும்?

சுழற்பந்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2021 ஜூலையில் அஸ்வின் சர்ரேவுக்காக ஆடிய ஒரே போட்டி சாமர்செட்டுக்கு எதிராகத்தான். ஓவல் மைதானத்தில் 27 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்து எங்களை 69க்குச் சுருட்டினார். சென்னைக்காரர் பந்து வீச, என் அணி விக்கெட் விக்கெட்டாக விழ, இரண்டு பக்கமும் கைதட்ட முடியாமல் கணினித் திரையின் முன் அமர்ந்திருந்தேன். 2019இன் கடைசி வாரங்களில் முரளி விஜய் சாமர்செட்டுக்காகவே ஆடினார். சேப்பாக்கத்தில் அத்தனை அழகாக ஓட்டிய அந்த மட்டைக்கு இங்கே ரன் கைகூடவில்லை. அவர் எங்கள் அணியில் இருந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

போட்டிக்கு வருகிறேன். சாமர்செட் முதலில் ஆடியது. விக்கெட்டுகள் விழுந்தன, மழை வந்தது, போனது, மறுபடி வந்தது. 203 ரன்னுக்கு இன்னிங்ஸ் முடிந்தபோது ஹார்மர் ஐந்து விக்கெட் எடுத்திருந்தார். இருநூறைத் தாண்டியதால் ஓர் ஊக்கப் புள்ளி கிடைத்தது. அதற்குக்கூடக் கூட்டம் எழுந்து நின்றது.

கடைசி நாள் பிற்பகலில் எசெக்ஸ் ஒரு விக்கெட் இழப்புக்கு 102 என்று சௌகரியமாக நின்றது. அலஸ்டர் குக் அரைச்சதம் கடந்திருந்தார். அவர் ஆடுவதில் எதிரணி ரசிகனை நோகடிக்கும் எதுவும் இருக்காது. விடவேண்டிய பந்தை விடுவார், காலில் விழுந்ததைத் தட்டுவார், அவ்வளவுதான். ஆனால் அன்று அவர் விட்ட ஒவ்வொரு பந்தும் கடிகாரத்திலிருந்து ஒரு துளியை எடுத்தது. பெரியவர் தெர்மாஸ் குடுவையை மூடி, பையில் வைத்துவிட்டார். வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று நினைத்தேன். கையைத் தேய்த்துக்கொண்டு அமர்ந்தே இருந்தார்.

குக் 53இல் ஆட்டமிழந்தார். அதன்பின் நடந்ததை ஓவர் ஓவராக என்னால் நினைவுகூர முடியவில்லை. எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. லீச் ஒரு முனையில் வீசிக்கொண்டே இருந்தார். மட்டைக்கு அருகில் நாலைந்து பேர் குனிந்து நிற்க, ஒவ்வொரு பந்துக்கும் மைதானமே ஒருசேர மூச்சை இழுத்தது. ஒன்பது விக்கெட்டுகள் 39 ரன்களில் விழுந்தன. எசெக்ஸ் 141க்கு முடிந்தது. லீச்சுக்கு ஐந்து விக்கெட். சாமர்செட்டுக்கு 62 ரன் முன்னிலை.

ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தது. வழக்கமான ஒரு அணி அந்த இடத்தில் மட்டை பிடிக்க இறங்கி, அரைமணி ஆடி, கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கும். டிரா என்பது எழுதிவைத்த மாதிரி இருந்தது. இரண்டாமிடமும் கௌரவமான இடமே. ஆனால் வீரர்கள் பெவிலியனுக்குள் போய்த் திரும்பி வந்தபோது, கையில் மட்டையோடு வந்தவர்கள் எசெக்ஸின் தொடக்க ஆட்டக்காரர்கள். ஒரு நொடி எங்கள் வரிசையில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒலிபெருக்கி சொன்னது: சாமர்செட் தன் இரண்டாவது இன்னிங்ஸைத் துறந்துவிட்டது, எசெக்ஸ் வெல்ல 63 ரன்கள் தேவை.

கிரிக்கெட் விதிகளில் பதினைந்தாவது விதி இதற்கு இடம் கொடுக்கிறது. ஓர் அணித்தலைவர் தன் இன்னிங்ஸை ஒரு பந்துகூட ஆடாமல் விட்டுக்கொடுக்கலாம். பொதுவாக மழை தின்ற போட்டிகளில் இரு தலைவர்களும் பேசிவைத்துக்கொண்டு, ஒரு முடிவு வரட்டும் என்று செய்வார்கள். சாமர்செட்டின் தலைவர் டாம் ஏபெல் செய்தது அப்படியல்ல. அவருக்கு எதிரணியிடமிருந்து கைம்மாறாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. அறுபத்து மூன்று ரன் என்பது தோல்விக்குக்கூட வாய்ப்புள்ள எண். ஒரு மணி நேரத்தில் பத்து விக்கெட் வேண்டும். பதினாறோ பதினெட்டோ ஓவர். ஏறத்தாழ நூறு பந்து. நடக்காது என்பது களத்தில் இருந்த பதினொருவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஒன்பது விக்கெட்டுகள் சற்றுமுன் கண்ணெதிரே விழுந்திருந்தன. அந்த ஒரு மணி நேரத்தை ஆடாமல் கழிப்பதா, ஆடித் தோற்பதா என்ற இடத்தில் அவர் எடுத்த முடிவை, நான் பார்த்த அணித்தலைவர்களின் முடிவுகளிலேயே மிகச் சிறந்தது என்று கருதுகிறேன். பெரிய வெற்றிகளை எடுத்துத் தந்த முடிவுகள் எத்தனையோ உண்டு. மழை பிடுங்கிக்கொண்டது போக மிஞ்சியிருந்த அந்தச் சிறு துண்டு நேரத்தை ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் ரசிகர்கள் கையில் கொடுத்த முடிவு இது.

பத்து விக்கெட் விழவில்லை. ஒன்றுதான் விழுந்தது. எசெக்ஸ் ஒரு விக்கெட்டுக்கு 45 என்றிருந்தபோது இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஆட்டம் நிறுத்தப்பட்டது. எசெக்ஸ் மூன்று ஆண்டுகளில் இரண்டாம் முறையாகச் சாம்பியன். மறு ஆண்டு, கொரோனா காரணமாக ரசிகர்கள் யாருமில்லாத லார்ட்ஸில், சாம்பியன்ஷிப்புக்குப் பதிலாக நடந்த பாப் வில்லிஸ் கோப்பையின் இறுதியிலும் இதே இரண்டு அணிகள் மோதின. அதுவும் டிரா, முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் அதுவும் எசெக்ஸுக்கே. குக் 172.

ஆனால் ஆட்டம் நிறுத்தப்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு இன்னொன்று நடந்தது. பெவிலியன் படிகளில் ஒரு கனத்த உருவம் இறங்கி வந்தது. மார்கஸ் டிரெஸ்கோதிக். 1993 முதல் இருபத்தேழு பருவங்கள் சாமர்செட்டுக்காக ஆடியவர். கெய்ன்ஷாமில் பிறந்து இந்தக் கவுண்டியைவிட்டு வேறெங்கும் போகாதவர். அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாக ஜூன் மாதமே அறிவித்திருந்தார். இந்தப் போட்டியின் பதினொருவரில் அவர் இல்லை. மாற்றுக் களத்தடுப்பாளராக, ஸ்லிப்பில் நிற்பதற்காக அவரை அனுப்பினார்கள். அவர் பெயர் சூட்டப்பட்ட பார்வையாளர் அரங்கம் இருக்கும் மைதானத்தில், நாற்பத்து மூன்று வயதில், கோப்பை கைவிட்டுப்போன கடைசி நிமிடங்களில், அவர் தன் பழைய இடத்துக்கு நடந்து போய், கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்தார். எழுந்து நிற்காதவர் ஒருவரும் இல்லை. ஈரப் பலகைகளிலிருந்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழும் சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பெரியவர் கைதட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைய நேரமாயிற்று. எசெக்ஸ் வீரர்கள் கோப்பையை வாங்கியபோதும் சாமர்செட் ரசிகர்கள் இருந்து கைதட்டினார்கள். அதன் பிறகு பெரியவர் என் ஸ்கோர் அட்டையைக் கேட்டார். நான்கு நாளில் அதன் மடிப்புகள் பஞ்சுபோல் ஊறிப்போயிருந்தன. முதல் நாள் எழுதிய எண்கள் நீல மையாகப் படர்ந்து, சில இடங்களில் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. சாமர்செட்டின் இரண்டாம் இன்னிங்ஸுக்கான பகுதியில் பதினொரு பெயர்களும் அச்சாகியிருந்தன. அவற்றுக்கு எதிரே இருந்த கட்டங்கள் மட்டும் வெள்ளையாக, நனைந்தும் சுத்தமாக இருந்தன. அவர் என் பேனாவை வாங்கி, அந்தப் பதினொரு கட்டங்களின் மேலும் குறுக்காக, 'துறக்கப்பட்டது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றாக, ஈரத் தாள் கிழியாமல் எழுதினார். கீழே தேதியைப் போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏப்ரலில் பருவம் என்றைக்குத் தொடங்குகிறது என்று கேட்டார்.